ஏடிஹெச்டி உள்ள பிள்ளை வளர்ந்தால் குற்றவாளி ஆகிவிடுவானா?

பயப்படாதீர்கள். ஏடிஹெச்டி, அதாவது கவனக்குறைபாடும் யோசிக்காமல் சட்டென்று செயல்படும் துடிப்பும் சேர்ந்த கோளாறு உள்ளவர்களில் பெரும்பாலானோர் எந்த வழக்கிலும் சிக்குவதில்லை. அதற்காகத் தொடர்பே கிடையாது என்று மழுப்பவும் முடியாது.

ஸ்வீடனில் இந்தக் கோளாறு உள்ள 25,000-க்கும் மேற்பட்ட பெரியவர்களின் 2006–2009 பதிவேடுகளை அலசிய ஆய்வு 2012-இல் வெளியானது. அந்த நான்கு ஆண்டுகளில் ஆண்களில் சுமார் 37 சதவீதம் பேர் தண்டனை பெற்றிருந்தார்கள். கோளாறு இல்லாத ஆண்களில் இது 9 சதவீதம்தான். (பெரியவர்களான பிறகும் மருத்துவரிடம் போகும் அளவுக்குச் சிரமப்பட்டவர்கள் இவர்கள் என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள்.) எனக்கு முக்கியமாகப் படுவது இன்னொரு கணக்கு. ஒரே ஆள் மருந்து எடுத்த காலத்தையும் எடுக்காத காலத்தையும் ஒப்பிட்டார்கள். எடுத்த காலத்தில் குற்றம் ஆண்களிடம் 32 சதவீதமும் பெண்களிடம் 41 சதவீதமும் குறைவு. ஆள் மாறவில்லை என்பதால், பிறவிக் குணம், வளர்ப்பு என்று மட்டும் இதைத் தள்ளிவிட முடியாது. மருந்து எடுத்த நாட்களில் வாழ்க்கையே கொஞ்சம் ஒழுங்காக இருந்திருக்கலாம், அது வேறு.

பஸ்ஸில் ஒருவன் இடித்துவிட்டு முறைக்கிறான். நமக்கு "விடு, போகட்டும்" என்று தோன்ற ஒரு நொடி கிடைக்கிறது. இவர்களில் சிலருக்கு அதற்குள் கை ஓங்கிவிடும். சின்ன வயதிலேயே திருட்டு, அடிதடி, பிறகு போதைப் பழக்கம் என்று சேர்ந்தால் ஆபத்து இன்னும் கூடுகிறது. உங்கள் பையனிடம் அப்படி ஏதாவது தெரிந்தால், அடிக்காமல் மனநல மருத்துவரிடம் கூட்டிப்போங்கள்.