அப்பா என்ன சொல்கிறார்?

அன்புள்ள அண்ணா,

அப்பாவுக்கு 61 வயது. முப்பது வருடத்துக்கு மேல் தேயிலைத் தொழிற்சாலையில் வேலை செய்தவர். நுரையீரல் ஃபைப்ரோசிஸ், அதாவது நுரையீரல் தழும்பேறி இறுகிப்போகும் வியாதி என்று இரண்டு வருடத்துக்கு முன் சொன்னார்கள், இப்போது வீட்டிலேயே ஒட்சிசன் மெஷின். போன முறை கண்டி கிளினிக்கில் பார்த்த வைத்தியர், நுரையீரல் மாற்று சத்திரசிகிச்சை பற்றி யோசியுங்கள், சென்னையில் செய்கிறார்கள் என்றார். தம்பி வீட்டை விற்கலாம் என்கிறான். அம்மா வேண்டாம் என்று அழுகிறார். செய்தால் அப்பா எத்தனை வருடம் இருப்பார்? நீங்களாக இருந்தால் என்ன செய்வீர்கள்?

— ஒரு மகள், நுவரெலியா

அன்புள்ள தங்கச்சிக்கு,

உங்கள் கடிதத்தை மூன்று தடவை வாசித்தேன். தம்பி சொல்வது இருக்கிறது, அம்மா அழுவது இருக்கிறது, வைத்தியர் சொன்னது இருக்கிறது, அப்பா என்ன சொல்கிறார் என்று ஒரு வரி இல்லை. குற்றமாகச் சொல்லவில்லை. எங்கள் வீட்டிலும் இதேதான் நடந்தது.

என் அண்ணனுக்கும் இந்த வியாதிதான். வைத்தியர் என்னை மட்டும் வராந்தாவுக்குக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னார். கதவு வழியே பார்க்கிறேன், அண்ணன் கட்டிலில் உட்கார்ந்து சட்டைப் பொத்தான் போட்டுக்கொண்டிருக்கிறார், ஒரு பொத்தான், அப்புறம் கையைத் தொடையில் வைத்து மூச்சு வாங்கல், அப்புறம் அடுத்த பொத்தான். அதற்குப் பிறகு ஆறு மாதம் நாங்கள் காசு, விசா, யார் கூடப் போவது என்று குசினியில் நின்று குசுகுசுவென்று பேசினோம், அவருக்குக் கேட்கக்கூடாது என்று. எல்லாமே கேட்டிருக்கிறது. "என்னையும் கூப்பிட்டுப் பேசியிருக்கலாமே" என்று ஒருநாள் சொன்னபோது அவர் எலும்பும் தோலுமாக இருந்தார், அந்த உடம்பு சத்திரசிகிச்சையைத் தாங்காது என்று சொல்லிவிட்டார்கள்.

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். நுரையீரல் மாற்றிய ஒருவர் வருடக்கணக்கில் உயிரோடிருந்தது முதன்முதலில் 1983இல், கனடாவின் டொரொன்டோவில். இன்றைக்கு உலக அளவில் பத்துப் பேரில் எட்டுப் பேருக்கு மேல் முதல் வருடத்தைத் தாண்டுகிறார்கள், ஏறத்தாழ பாதிப் பேர் ஆறு வருடத்தைத் தாண்டுகிறார்கள். ஃபைப்ரோசிஸில் அதிகம் காணப்படும் வகைக்கு, மாற்று இல்லாமல், கண்டுபிடித்த நாளிலிருந்து மூன்று முதல் ஐந்து வருடத்துக்குள் பாதிப் பேர் போய்விடுகிறார்கள். உங்கள் அப்பாவுக்கு எந்த வகை என்று வைத்தியரிடம் கேளுங்கள். அவர் அந்தப் பாதியில் எந்தப் பக்கம் என்று யாராலும் சொல்ல முடியாது.

வருடத்தை எண்ணுவதைவிட அந்த வருடங்கள் எப்படிப் போகும் என்பதைத்தான் நான் அதிகம் யோசிப்பேன். உடம்பு புது நுரையீரலைத் தள்ளிவிடாமல் இருக்க டாக்ரோலிமஸ் மாதிரி மாத்திரைகள், சாகும்வரை, நேரம் தவறாமல், அடிக்கடி இரத்தப் பரிசோதனையோடு. அந்த மாத்திரை எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும், அதனால் சாதாரணத் தடிமனே ஆபத்தாகலாம். நம்முடைய விறகு அடுப்புப் புகை, மழைக்காலத்தில் சுவரில் படரும் பூஞ்சணம், இதெல்லாம் உள்ள வீட்டுக்கு அவரைத் திரும்பக் கூட்டி வர முடியாது. முதல் சில மாதம் ஆஸ்பத்திரிக்குப் பக்கத்திலேயே வாடகைக்கு இருக்க வேண்டும், கூட ஒருவர் முழுநேரமும். இன்னொன்று, இந்தியாவில் தானம் கிடைக்கும் உறுப்பு முதலில் இந்தியருக்கு, பொருந்துகிறவர் அங்கே யாரும் இல்லையென்றால்தான் வெளிநாட்டவருக்கு. எத்தனை மாதம் காத்திருக்க வேண்டும் என்று தெரியாமலே வீட்டை விற்றால், காத்திருப்பிலேயே காசு கரைந்துவிடும். தம்பியிடம் இதைச் சொல்லுங்கள்.

நான் என்ன செய்வேன் என்று கேட்டீர்கள். அப்பா சரியென்றால் முதலில் மதிப்பீட்டுக்குப் போவேன், உடனே. மதிப்பீடு என்பது சத்திரசிகிச்சைக்குச் சம்மதம் இல்லை. இதயம், சிறுநீரகம், எடை, ஆறு நிமிடத்தில் எவ்வளவு தூரம் நடக்கிறார் என்று எல்லாம் பார்த்துத் தகுதியா இல்லையா என்று சொல்வார்கள். தகுதி என்றாலும் அப்பா வேண்டாம் எனலாம். ஆனால் காலம் தாழ்ந்தால் வேண்டும் என்று சொல்ல வழி இருக்காது, எங்களுக்கு அப்படித்தான் ஆனது. மதிப்பீடு முடியும்வரை வீட்டுப் பத்திரத்தைத் தொடமாட்டேன்.

அப்பா வேண்டாம் என்றால் அது தோல்வியும் இல்லை, அவரைக் கைவிட்டதாகவும் ஆகாது. மூச்சுத் திணறலுக்கு மிகக் குறைந்த அளவில் மோர்ஃபின் கொடுக்கலாம், பயப்படாமல் வைத்தியரிடம் கேளுங்கள். முகத்துக்கு நேரே ஒரு சின்ன ஃபேன் வைத்தாலே இளைப்பு கொஞ்சம் அடங்கும், அண்ணனுக்கு அதுதான் பெரிய துணை. நீங்கள் இருப்பது 1,800 மீற்றருக்கு மேலே, அங்கே ஒவ்வொரு மூச்சிலும் கடற்கரையில் கிடைப்பதைவிட ஐந்தில் ஒரு பங்கு ஒட்சிசன் குறைவு. கீழே சொந்தக்காரர் வீடு இருந்தால், வைத்தியரைக் கேட்டுக்கொண்டு, கொஞ்ச நாள் அங்கே வைத்துப் பாருங்கள். கரண்ட் போனால் மெஷின் நிற்கும், 2022இல் 13 மணித்தியாலம் வெட்டிய நாளில் நாங்கள் பட்டது போதும், கையிருப்பில் ஒரு சிலிண்டர் கட்டாயம் வேண்டும்.

இதையெல்லாம் விட முக்கியம், இன்றைக்கு ராத்திரி அம்மாவையும் தம்பியையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு அப்பாவிடமே கேளுங்கள். மூச்சு வாங்கி வாங்கித்தான் பேசுவார், நேரம் எடுக்கும். அவர் தொடங்கிய பேச்சை நீங்கள் யாரும் முடித்துவைக்க வேண்டாம், பார்த்துக்கொண்டு இருங்கள்.