கணினியில் இரண்டு ஹார்ட் டிஸ்க் இருந்தால் தனியாக பேக்கப் தேவையா?

இரண்டு டிஸ்க்கிலும் ஒரே கோப்புகள் ஒரே நேரத்தில் பதிவாகும்படி அமைப்பதற்கு ரெய்டு 1 என்று பெயர். ஒன்று பழுதானாலும் மற்றது வேலையைத் தொடரும். நிமிடத்துக்கு 5400 அல்லது 7200 முறை சுழலும் தட்டு என்றாவது ஒருநாள் மக்கர் செய்யத்தான் செய்யும். அந்த ஓர் ஆபத்துக்கு மட்டுமே இது மருந்து.

கடைக்காரர் கார்பன் தாள் வைத்து பில் எழுதுவதைப் பார்த்திருப்பீர்கள். மேல் தாளில் 500ஐ 5000 என்று எழுதிவிட்டால் அடித்தாளிலும் 5000தான். அதுபோல, கல்யாணப் படங்கள் இருக்கும் ஃபோல்டரைத் தவறுதலாக அழித்தால் அந்த நொடியே இரண்டாவது டிஸ்க்கிலும் அது போய்விடும். வைரஸ் வந்தாலும் அதே கதை. மின்னழுத்தம் எகிறினாலோ, இரண்டும் இருப்பது ஒரே பெட்டிக்குள்.

பேக்கப் என்பது வீட்டுப் பத்திரத்தின் நகலை அக்கா வீட்டு பீரோவில் வைப்பது. வெளி டிஸ்க்கில் வாரம் ஒருமுறை நகலெடுங்கள். எடுத்ததும் கேபிளைக் கழற்றிவிடுங்கள் (பலரும் மறப்பது இதைத்தான், நானும்தான்).

செல்பேசிப் படங்கள் தானாகவே இணையத்தில் ஏறுவதையும் பலர் பேக்கப் என்று நினைக்கிறார்கள். பெரும்பாலான ஒத்திசைவுச் சேவைகளில் இங்கே அழித்தது அங்கேயும் அழியும், குப்பைத்தொட்டியில் சில வாரங்கள் கிடப்பதோடு சரி.