40 சதவீதம் கூடியது எது?

கேள்வி: புகையிலைச் செடியின் ஒளிச்சேர்க்கை நொதியில் இருந்த 'இயற்கையின் பிழை'யை மரபணு மாற்றத்தால் திருத்தி, விளைச்சலை 40 சதவீதம் கூட்டிவிட்டதாகப் படித்தேன். நெல்லில் இதைச் செய்தால் ஐந்து ஏக்கரில் எடுப்பதை மூன்றரை ஏக்கரிலேயே எடுத்துவிடலாமே? விதை ஏன் இன்னும் வரவில்லை? யார் தடுக்கிறார்கள்?

பதில்: யாரும் ஒளித்து வைத்திருக்கும் விதை அல்ல அது. நீங்கள் சொல்வது அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் நடந்த ஆய்வு. 2019இல் வெளிவந்தது, வயலிலேயே வளர்த்துப் பார்த்தது, மெச்ச வேண்டிய வேலை. ஆனால் 40 சதவீதம் கூடியது எது? இலையும் தண்டும் சேர்ந்த செடியின் உலர்ந்த எடை. 'விளைச்சல்' என்ற சொல் செய்தியில் வந்து ஒட்டிக்கொண்டது. புகையிலையில் இலைதான் எல்லாமே. நெல்லில் வைக்கோல் கூடினால் மாட்டுக்குத்தான் லாபம்.

அடுத்தது 'பிழை'. ரூபிஸ்கோ என்ற நொதிதான் காற்றிலிருக்கும் கரியமில வாயுவைப் பிடித்துச் சர்க்கரையாகும் பாதையில் சேர்க்கிறது. வேகம் ரொம்பக் குறைவு, நொடிக்கு மூன்று நான்கு முறைதான். அதிலும் ஏறத்தாழ ஐந்தில் ஒரு முறை, ஆக்சிஜனைத் தவறிப் பிடித்துவிடுகிறது. அதனால் உண்டாகும் வேண்டாத பொருளைச் சரிசெய்யச் செடி செலவழிக்கும் உழைப்புக்கு ஒளிச்சுவாசம் என்று பெயர். இல்லினாய்க்காரர்கள் ரூபிஸ்கோவைத் தொடவே இல்லை. ஒரு பாசியிலிருந்தும் பூசணியிலிருந்தும் மரபணுக்களை எடுத்து, அந்த வேண்டாத பொருளை, இலைச் செல்லில் ஒளிச்சேர்க்கை நடக்கும் இடமான பசுங்கணிகத்துக்குள்ளேயே முடித்துவிடக் குறுக்குவழி போட்டார்கள்.

ரூபிஸ்கோ தோன்றிய காலத்தில் காற்றில் ஆக்சிஜன் கிட்டத்தட்ட இல்லை. இல்லாத ஒன்றை அடையாளம் தெரிந்து விலக்க அதற்கு என்ன அவசியம்? அதைப் பிழை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. வேகமான ரூபிஸ்கோவும் இருக்கிறது, நீலப்பச்சைப் பாசியில். 2014இல் அதைப் புகையிலைக்குள் பொருத்தியும் காட்டினார்கள். ஆனால் கரியமில வாயு அதிகமாக உள்ள காற்றில்தான் அந்தச் செடிகள் வளர்ந்தன. காரணம், பாசி தன் ரூபிஸ்கோவைச் சுற்றி வாயுவைக் குவித்து வைக்க ஓர் உறை வைத்திருக்கிறது. புகையிலைக்கு அந்த உறை இல்லை.

சரி, நெல்லுக்கு வருவோம். 'செய்தால்' என்று கேட்கிறீர்கள், செய்தே பார்த்துவிட்டார்கள். சீனத்தின் குவாங்சோவில் நெல்லின் சொந்த நொதிகள் மூன்றைப் பசுங்கணிகத்துக்கு இடம் மாற்றி இதே மாதிரி ஒரு குறுக்குவழி அமைத்தார்கள். ஒளிச்சேர்க்கை கூடியது, செடி திடமாக வளர்ந்தது. வசந்தப் பட்டத்தில் தானியமும் 7 முதல் 27 சதவீதம் கூடியது. ஆனால் இலையுதிர் காலப் பட்டத்தில் அந்தக் கூடுதல் நிலைக்கவில்லை. மணி பிடிப்பது குறைந்து, பதர் கூடியது. இலை எவ்வளவு சர்க்கரை செய்தாலும் அது கதிருக்குப் போய்ச் சேர வேண்டும், பால் பிடிக்கும் நேரத்தில் மணி அதை வாங்கிக்கொள்ள வேண்டும். அங்கே அடைத்துக்கொண்டால் இலையில் போட்ட உழைப்பு வீண். நெல் பயிரிடும் யாருக்கும் இது புரியும். தழை கருகருவென்று செழித்து நின்று, அறுப்பில் ஏமாற்றிய வயலைப் பார்க்காதவர்கள் உண்டா?

ஜப்பானில் வேறொரு வழி. ரூபிஸ்கோவின் அளவையே நெல்லில் கூட்டினார்கள். 2020இல் வந்த முடிவு: சோதனை வயலில் 28 சதவீதம் வரை கூடுதல் விளைச்சல். இது தானியம்தான், அதனால் இதை நான் மிகவும் மதிக்கிறேன். ஆனால் தழைச்சத்து போதுமான அளவு கொடுத்த வயலில் கிடைத்த பலன் அது. நெல் இலையின் தழைச்சத்தில் கால் பங்குக்குமேல் ரூபிஸ்கோவிலேயே அடங்கியிருக்கிறது. அதை இன்னும் கூட்டினால் அதற்கும் உரம் வேண்டும்தானே? உங்கள் மூன்றரை ஏக்கர் கணக்கில் யூரியா மூட்டையைக் காணோம்.

இல்லினாய்க் கூட்டம் அப்புறம் சோயாவில் வேறொரு மாற்றம் செய்தது. வெயிலிலிருந்து நிழலுக்கு மாறும்போது இலை சீக்கிரம் சுதாரித்துக்கொள்ளும்படியான மாற்றம். 2020 வயல் சோதனையில் விதை விளைச்சல் சராசரியாக 24 சதவீதத்துக்குமேல் கூடியது. உலகமெங்கும் செய்தியானது இதுதான். 2021இல் புயல்மழையில் பயிர் சாய்ந்தது, அந்த ஆண்டு உறுதியான கூடுதல் எதுவும் தெரியவில்லை. இதை எத்தனை பேர் எழுதினார்கள்? ஆய்வாளர்கள் மறைக்கவில்லை, அதே கட்டுரையில் சொல்லியிருக்கிறார்கள். எழுதாமல் விட்டது நம் போன்ற பத்திரிகைக்காரர்கள். ஒரு வருஷ மகசூலை நம்பி எந்த விவசாயியும் விதை மாற்ற மாட்டார். அந்த விவேகம் நமக்கும் வேண்டும்.

இந்த ஆய்வுகள் வீண் என்று சொல்ல வரவில்லை. வெப்பம் கூடக்கூட ரூபிஸ்கோ ஆக்சிஜனைப் பிடிப்பதும் கூடும், அதனால் இந்த வேலை வருங்காலத்துக்குத் தேவை. நீங்கள் கவனிக்க வேண்டியது உருளைக்கிழங்கை. புகையிலையில் போட்ட அதே குறுக்குவழியைப் போட்ட உருளைச் செடிகள், 2022 கோடையில் வெப்ப அலை அடித்த வயலில், கிழங்கு எடையில் 30 சதவீதம் கூடுதல் தந்தன. இலை அல்ல, மண்ணுக்கடியில் சாப்பிடும் பொருள். அடுத்தடுத்த பருவங்களிலும், வேறு மண்ணிலும் அந்த 30 நிற்கிறதா என்று பாருங்கள். நானும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.