கூரைச் சூரிய மின்சாரமும் 50.2 ஹெர்ட்ஸும்: கேள்வி பதில்

மின்தொகுப்பில் பரவலாக்கப்பட்ட மின்னுற்பத்தியை இணைப்பது குறித்து ஆய்வு செய்யும் மின்பொறியியல் பேராசிரியர், வாசகர்களின் கேள்விகளுக்கு எழுதிய பதில்கள்.

கேள்வி: ஐயா, வீட்டுக் கூரையிலுள்ள சில கிலோவாட்டை ஒரு நாட்டின் மின்தொகுப்பே பொருட்படுத்த வேண்டுமா?

பதில்: ஒரு வீட்டைப் பொருட்படுத்த வேண்டியதில்லை, ஒரே விதிப்படி ஒரே நொடியில் செயல்படும் லட்சக்கணக்கான வீடுகளைப் பொருட்படுத்தியே ஆக வேண்டும். மாறுமின்னோட்டம் நொடிக்கு எத்தனை முறை அலைகிறது என்பதே அதிர்வெண். ஐரோப்பாவில் அது இயல்பாக 50 ஹெர்ட்ஸ்; உற்பத்தி மிகுந்தால் ஏறும், குறைந்தால் இறங்கும். அது 50.2 ஹெர்ட்ஸைத் தாண்டினால், சூரியத் தகட்டின் மின்சாரத்தைத் தொகுப்புக்கு ஏற்ப மாற்றித் தரும் இன்வெர்ட்டர் உடனே தொகுப்பிலிருந்து துண்டித்துக்கொள்ள வேண்டும் என்பது ஜெர்மனியின் பழைய விதி. கூரை மின்சாரம் சொற்பமாக இருந்தவரை அதில் தவறில்லை. ஆனால் 2011 இறுதியில் அந்நாட்டின் சூரிய மின்திறன் ஏறத்தாழ 25,000 மெகாவாட்டை எட்டிவிட்டது. வெயில் காயும் நண்பகலில் அதிர்வெண் அந்த எல்லையைத் தொட்டிருந்தால் பல ஆயிரம் மெகாவாட் ஒருசேர மறைந்திருக்கும். திடீர் இழப்பை ஈடுகட்ட ஐரோப்பியக் கண்டத் தொகுப்பு முழுவதும் ஒதுக்கிவைத்திருந்த முதல்நிலை இருப்போ 3,000 மெகாவாட்தான். மிகை உற்பத்தியால் ஏறிய அதிர்வெண், அடுத்த கணமே பற்றாக்குறையால் சரிந்திருக்கும்.

கேள்வி: இது வெறும் ஏட்டுக் கணக்கு இல்லையா?

பதில்: சூரிய மின்சாரத்தால் அப்படியொரு விபத்து நேரவில்லை. ஆனால் 2006 நவம்பர் 4 அன்று இரவு, ஜெர்மனியின் எம்ஸ் ஆற்றில் கப்பல் ஒன்று கடப்பதற்காக உயரழுத்த மின்பாதையை நிறுத்தியதைத் தொடர்ந்து ஐரோப்பியத் தொகுப்பு மூன்றாகப் பிளந்தபோது, வடகிழக்குப் பகுதியில் அதிர்வெண் 51 ஹெர்ட்ஸையும் தாண்டியது. அங்கே துண்டித்துக்கொண்ட காற்றாலைகள், எவர் கட்டளையுமின்றித் தாமாகவே மீண்டும் இணைந்து நிலைமையை மோசமாக்கின.

கேள்வி: எப்படிச் சரிசெய்தார்கள்?

பதில்: 50.2-க்கு மேல் ஹெர்ட்ஸுக்கு 40 விழுக்காடு என்ற விகிதத்தில் உற்பத்தியைப் படிப்படியாகக் குறைத்து, 51.5-இல்தான் துண்டிக்க வேண்டும் எனப் புதிய இன்வெர்ட்டர்களுக்கு விதித்தனர். 10 கிலோவாட்டுக்கு மேற்பட்ட சுமார் 3,15,000 பழைய நிலையங்களை மாற்றியமைக்க 2012-இல் ஆணை வந்தது. பலவற்றில் ஓர் அமைப்பெண்ணை மாற்றினாலே போதும். அதற்கும் மின்பணியாளர் நேரில் செல்ல வேண்டியிருந்தது. இந்தச் செலவு முன்யோசனையின்மைக்கான விலை என்பதே என் கருத்து.

கேள்வி: ஸ்டுட்கார்ட் அருகே தெருக்கோடியில் வசிக்கிறோம். எங்கள் இன்வெர்ட்டர் மட்டும் நண்பகலில் அடிக்கடி நிற்கிறது. பழுதா?

பதில்: பழுதாக இருக்க வேண்டியதில்லை. தெருவின் உபரி மின்சாரம் டிரான்ஸ்ஃபார்மரை நோக்கித் திரும்பிப் பாயும்போது, கம்பியின் மின்தடையால் கோடி வீட்டில்தான் மின்னழுத்தம் மிகுதியாக உயரும். 230 வோல்ட்டுக்குப் பத்து விழுக்காடு மேலான 253 வோல்ட்டே அங்கு உச்ச வரம்பு; அதைத் தாண்டினால் இன்வெர்ட்டர் நின்றுவிடும். இன்வெர்ட்டர் ரியாக்டிவ் பவரை (வேலை எதுவும் செய்யாமல் கம்பியில் முன்னும் பின்னும் ஊசலாடும் மின்திறனை) உறிஞ்சினால் அழுத்தம் ஓரளவு தணியும். ஆனால் தாழ்வழுத்தக் கம்பிகளில் மின்தடையே மேலோங்கியிருப்பதால் அதன் பலன் குறைவு. மின்விநியோக நிறுவனத்திடம் அழுத்தத்தை அளந்து பார்க்கச் சொல்லுங்கள். தடித்த கம்பியோ, மின்னழுத்தத்தைத் தானே சரிசெய்யும் டிரான்ஸ்ஃபார்மரோ தேவைப்படலாம்.

கேள்வி: மின்வெட்டின்போது கூரையில் வெயில் இருந்தும் வீடு இருளில் இருப்பது ஏன்?

பதில்: தொகுப்பில் மின்சாரம் நின்றதும் இன்வெர்ட்டரும் தானே நின்றுவிடுகிறது; மின்சாரம் இல்லாத செத்த கம்பி என நம்பித் தொடும் பணியாளரின் உயிரைக் காக்கவே இந்த ஏற்பாடு. பேட்டரியும், வீட்டைத் தொகுப்பிலிருந்து பிரித்துவிடும் சுவிட்சும் இருந்தால் இருட்டில் இருக்க வேண்டியதில்லை.