மிளகாயில் குழிப்புள்ளி: புட்டி வாங்குவதற்கு முன் ஹோஸைக் கீழே வையுங்கள்

கேள்வி: ஐயா வணக்கம். மலேசியாவின் நிபோங் திபாலில் 800 பாலிபேக்கில் மிளகாய் போட்டிருக்கிறேன். காய் பச்சையாக இருக்கும்வரை நன்றாக இருக்கிறது, பழுக்கத் தொடங்கியதும் வட்டமாகக் குழி விழுந்து நடுவில் ஆரஞ்சு நிறத்தில் பிசுபிசுக்கிறது. போன வாரம் பறித்ததில் பாதியைக் கொட்டிவிட்டேன். பூஞ்சாண மருந்து மூன்று தடவை அடித்தாயிற்று. கடைக்காரர் இப்போது கைட்டோசனும் எக்ஸோசோமும் கலந்தது என்று ஒரு புட்டி காட்டுகிறார், லிட்டர் 180 வெள்ளி (ரிங்கிட்). வாங்கலாமா? இலைப்பேன் வராமலிருக்கத் தினமும் சாயங்காலம் ஹோஸ் பிடித்துச் செடி முழுக்கத் தண்ணீர் அடிக்கிறேன். அடுத்த நடவுக்கு இதிலேயே விதை எடுக்கலாமா?

பதில்: வாங்க வேண்டாம் தம்பி.

கைட்டோசன் பொய்ச் சரக்கு இல்லை. பூஞ்சாணத்தின் செல்சுவரில் கைட்டின் இருக்கிறது, அதன் துணுக்கு பட்டாலே செடி எதிரி வந்துவிட்டதென்று தற்காப்பைத் தொடங்கிவிடும். கைட்டின் வழி வந்த கைட்டோசனை நோய்க்கு முன்னாலேயே தெளித்தால் அந்த விழிப்பு கொஞ்சம் கிடைக்கும். ஆனால் உங்கள் காய்க்குள் பூஞ்சாணம் பச்சையிலேயே நுழைந்து சத்தமில்லாமல் உட்கார்ந்திருந்தது, நீங்கள் இன்று பார்க்கும் புள்ளி பழைய கணக்கு. உள்ளே போனதும் தன் மேல்பரப்பிலுள்ள கைட்டினை, செடி அவ்வளவு எளிதில் கண்டுகொள்ளாத கைட்டோசனாக மாற்றி ஒளிந்துகொள்ளும் பூஞ்சாணங்களும் உண்டு. உங்கள் நோய்க்குக் காரணமான கொலெட்டோட்ரைகம் என்ற பூஞ்சாணப் பேரினத்தில் மக்காச்சோளத்தைத் தாக்கும் வகை, செடி அடையாளம் காணும் இன்னொரு செல்சுவர்ப் பொருளான பீட்டா குளூக்கனையும் குறைத்துக்கொள்கிறது.

எக்ஸோசோம் என்பது செல்கள் வெளியே விடும் நுண்ணிய பை, அந்தச் சமாச்சாரத்திலும் உண்மை இருக்கிறது. மனிதருக்கு மூளைக்காய்ச்சல் தரும் கிரிப்டோகாக்கஸ் பூஞ்சாணம், தன் மேலுறைப் பாலிசாக்கரைடை (சர்க்கரைச் சங்கிலியாலான பொருள்) நுண்பைகளில் வைத்து வெளியே அனுப்புவதை 2007இல் காட்டினார்கள். பருத்தி வாடலைத் தரும் ஃபுசேரியம் பூஞ்சாணத்தின் பைகளைப் பிரித்தெடுத்துப் பருத்தி இலைக்குள் செலுத்தியபோது இலையே நிறம் மாறியது. செடியும் இப்படிப் பைகளில் சிறு ஆர்என்ஏ (மரபுச் செய்தித் துணுக்கு) அனுப்பிப் பூஞ்சாணத்தை அடக்குகிறது என்பது 2018இல் வந்தது. அருமையான அறிவியல், ஆய்வுக்கூட அறிவியல். கடை அலமாரிச் சூட்டில் நிற்கும் புட்டிக்குள் அந்தப் பைகள் உயிர்ப்போடு இருக்கும் என்று நான் நம்பவில்லை. நோயைக் கட்டுப்படுத்தும் என்று விற்கிற பொருளுக்கு 1974ஆம் ஆண்டு பூச்சிக்கொல்லிச் சட்டப்படி பதிவு எண் வேண்டும். லேபிளில் உரம் என்று எழுதிவிட்டு வாயால் மருந்து என்று விற்பவரிடமும், தோட்டத்துக்கு வந்து ஒரு பழத்தைக்கூடப் புரட்டிப் பார்க்காதவரிடமும் எதையும் வாங்காதீர்கள்.

இப்போது நீங்கள் கேட்காததற்கு வருகிறேன், ஏனென்றால் உங்கள் நஷ்டம் அங்கேதான் இருக்கிறது. குழிக்குள் பார்த்த அந்த ஆரஞ்சுப் பசை, பூஞ்சாணம் பரவ உதவும் லட்சக்கணக்கான நுண்ணிய வித்துகளைப் பாலிசாக்கரைடும் புரதமும் கலந்த கொழகொழப்பில் புதைத்து வைத்திருப்பது. வெயிலில் அது சுருங்கிக் காய்ந்து வித்தைக் காப்பாற்றும், முளைக்கவிடாத பொருள் ஒன்றும் அதிலேயே இருப்பதால் வித்து கூட்டமாக இருக்கும்வரை சும்மா கிடக்கும். காற்றால் மட்டும் அது லேசில் பறக்காது. தண்ணீர் பட்டால்தான் பசை கரைந்து, முளைப்புக்கு இருந்த தடை நீங்கி, துளியோடு பக்கத்துக் காய்க்குத் தெறிக்கும். அங்கே காய் சில மணி நேரம் ஈரமாக இருந்தால் போதும், வித்து முளைத்துத் துளைத்துவிடும்.

நீங்கள் சாயங்காலம் ஹோஸ் பிடிக்கிறீர்கள், செடி ராத்திரி முழுக்கக் காயாமல் நிற்கிறது. கோபித்துக்கொள்ளாதீர்கள் தம்பி, மூன்று தடவை அடித்த மருந்து தோற்றதற்கு முதல் காரணம் அந்த ஹோஸ்தான். இன்றோடு அதை விடுங்கள், தண்ணீர் வேரடிக்கு மட்டும் போகட்டும். இலைப்பேனுக்கு நீல ஒட்டும் அட்டை கட்டுங்கள்.

நாளைக்குப் பனி காய்ந்து செடி நன்றாக உலர்ந்த பிறகு, பத்து பதினொரு மணிக்கு, ஒரு பிளாஸ்டிக் பையோடு இறங்குங்கள். புள்ளி விழுந்த பழம் ஒன்று விடாமல் செடியடியிலேயே பைக்குள் போட்டு வாயைக் கட்டி வெளியே கொண்டுபோய்ப் புதையுங்கள், ஒன்றுகூட வரிசை நடுவில் விழக்கூடாது, போன வாரம் கொட்டியது தோட்டத்திலேயே கிடந்தால் அதையும் சேர்த்து. நல்ல பழத்தை முதலில் பறித்துவிட்டு நோய்ப் பழத்துக்குப் போங்கள், கையைக் கழுவாமல் திரும்பி வராதீர்கள். மூன்று நாளுக்கு ஒரு முறை இது நடக்க வேண்டும், ஈரச் செடியைத் தொடவே வேண்டாம். சலிப்பான வேலைதான், ஆனால் இதைச் செய்யாத தோட்டத்தில் எந்த மருந்தும் நின்று நான் பார்த்ததில்லை. அப்புறம் மருந்து அடித்தால் அதே வகையைத் திரும்ப அடிக்காமல் வேறு வகை மாற்றுங்கள், அறுவடைக்கு முன் விடவேண்டிய நாளை லேபிளில் பாருங்கள். அந்த 180 வெள்ளியை மழைக்கூரைக்கு எடுத்து வையுங்கள், செப்டம்பர், அக்டோபர் மழைக்கு அதுதான் உதவும்.

விதை இந்தப் பயிரில் எடுக்காதீர்கள், இந்த நோய் விதையோடும் வரும். வேறு நல்ல தோட்டத்து விதை கிடைத்தாலும் 52 டிகிரி வெந்நீரில் 30 நிமிடம் வைத்து நிழலில் உலர்த்துங்கள். வெப்பமானி இல்லாமல் கையால் சூடு பார்த்துச் செய்ய வேண்டாம், கொஞ்சம் கூடினால் முளைப்பே போய்விடும்.