கேள்வி உங்களுடையது, மைக் என்னுடையது

நீலகிரியின் கோடை விழாவையும் மலைக் கலைகளையும் பற்றி வந்த கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் சொல்பவர், குன்னூரில் மைக் செட் வாடகைக்கு விடும் நம் நண்பர். கல்யாணம், கோயில், கட்சிக் கூட்டம், கண்காட்சி என்று மலையில் அவர் ஒலிபெருக்கிக் குழாய் கட்டாத இடம் குறைவு.

மே மாதத்தில் குழந்தைகளோடு ஒரு வாரம் ஊட்டியில் தங்கப் போகிறோம். மலர்க் கண்காட்சியைப் பார்த்த பிறகு மற்ற நாட்களை எப்படிக் கழிப்பது?
— ஒரு வாசகி, ஈரோடு

முதலில், வாரம் முழுவதும் ஊட்டியிலேயே தங்காதீர்கள் அம்மா. கோடை விழா மாவட்டம் முழுக்க நடக்கிறது. கோத்தகிரி நேரு பூங்காவில் காய்கறிக் கண்காட்சி, கூடலூரில் வாசனை திரவியக் கண்காட்சி, ஊட்டியில் ரோஜாக் கண்காட்சி, தாவரவியல் பூங்காவில் மலர்க் கண்காட்சி, எங்கள் குன்னூர் சிம்ஸ் பூங்காவில் பழக் கண்காட்சி. இவை ஒரே வாரத்தில் வராது, மே மாதம் முழுக்கப் பரவிக் கிடக்கும். தேதியும் வருஷா வருஷம் மாறும். மாவட்ட நிர்வாகம் அறிவித்த பிறகு அறை போடுங்கள்.

குழந்தைகளுக்கு என் சிபாரிசு கோத்தகிரிதான். கேரட்டிலும் குடைமிளகாயிலும் செய்த யானையையும் மயிலையும் பக்கத்தில் நின்று பார்க்கலாம். மலர்க் கண்காட்சி 1896-லிருந்து நடக்கிற பெரிய விழா. பார்க்க வேண்டியதுதான், ஆனால் சனி, ஞாயிறில் போனால் பூவைவிட முன்னால் நிற்பவர் முதுகைத்தான் அதிகம் பார்ப்பீர்கள். வேலை நாளில், வாசல் திறந்த உடனே போய்விடுங்கள்.

மேடை நிகழ்ச்சிக்கு நேர் எதிர். பகலில் மேடைக்கு முன்னால் உட்காருவது வீண். ஒரு குழு ஏறும்போதே அடுத்த குழு படியில் நிற்கும், கூட்டம் ஐஸ்கிரீம் வாங்க எழுந்து போகும். சாயங்காலம் டூர் வண்டிகள் இறங்க ஆரம்பித்த பிறகு வாருங்கள். முன் வரிசை காலியாக இருக்கும். ஆடுகிறவர்களுக்கும் அவசரம் இருக்காது. நான் கேட்ட நல்ல பாட்டெல்லாம் அந்த நேரத்தில் கேட்டதுதான்.

சொந்தக் காரில் வருவதாக இருந்தால் இ-பாஸ் எடுக்க வேண்டும். உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2025 கோடையில் ஒரு நாளைக்கு வேலை நாளில் 6,000, வார இறுதியில் 8,000 வண்டிகள் என்று வரம்பு வைத்தார்கள். அரசு பஸ்ஸில் வந்தால் அந்தத் தலைவலி இல்லை. குன்னூரில் தங்கினால் ஊட்டிக்கும் கோத்தகிரிக்கும் பஸ் உண்டு, ஊட்டிக்கு மலை ரயிலும் உண்டு. எங்கள் ஊர் என்பதால் சொல்கிறேன் என்று நினைத்தாலும் பரவாயில்லை.

விழா நாட்களில் ஒலிபெருக்கிச் சத்தம் காதைக் கிழிக்கிறது. அது நீங்கள்தானா?
— ஒரு வாசகர், ஊட்டி

சில நாள் நான்தான் சார். இரவு 10 மணியிலிருந்து காலை 6 மணி வரை ஒலிபெருக்கி கூடாது என்பது 2000-ஆம் ஆண்டு விதி. பத்தடிக்க ஐந்து நிமிஷம் இருக்கும்போதே நான் சுவிட்ச் பக்கம் போய் நின்றுவிடுவேன். மற்ற நேரத்தில் குழாயைப் பள்ளத்தாக்கைப் பார்த்துக் கட்டக்கூடாது, எதிர் மலையில் மோதித் திரும்பி வரும். விழாக் கமிட்டிக்காரர்களுக்கோ அப்படித் திரும்பி வந்தால்தான் கொடுத்த காசு செரிக்கிறது.

மேடையில் கோத்தர் குழு ஒன்று வாசித்தது. நாதஸ்வரம் போல இருந்தது, ஆனால் நாதஸ்வரம் இல்லை. பத்து நிமிஷத்தில் முடித்துவிட்டார்கள். அது என்ன கருவி, முழுதாக எங்கே கேட்கலாம்?
— ஓர் இசை ஆசிரியர், கும்பகோணம்

நல்ல காது உங்களுக்கு. அந்தக் கருவியின் பெயர் கொள். நாதஸ்வரத்தைப் போலவே சீவாளி வைத்து ஊதுவதுதான், ஆனால் அளவில் சிறியது. கன்னத்தில் காற்றை அடக்கிக்கொண்டு மூக்கால் மூச்சு இழுப்பதால் ஓசை இடையில் அறுவதே இல்லை. கூடவே வளைந்த பித்தளைக் கொம்பு, பெரிய பறை, கையில் பிடித்து அடிக்கும் தப்பட்டை. கொள் வாசிப்பவர் முன்னால் நான் மைக் வைப்பதே இல்லை. அதற்குத் தேவையும் இல்லை, வைத்தால் ஆம்ப்ளிஃபயர் அழுதுவிடும். மைக்கைப் பறைக்கும் பின்னால் நாலைந்து அடி தள்ளி நிறுத்தினால் எல்லாம் சரியாக விழும்.

கோத்தர்களுக்கு மலையில் ஏழு ஊர்கள். கொல்லர் வேலை, தச்சு வேலை, பானை வனைவது, வாசிப்பது என்று மலையில் மற்றவர்களுக்கு வேண்டியதைச் செய்து கொடுத்தவர்கள். தோடர் வீட்டுச் சாவுக்கும் படுகர் வீட்டுச் சாவுக்கும் அந்தக் காலத்தில் கோத்தர் வாத்தியம்தான். அந்த வழக்கத்தைப் போன நூற்றாண்டிலேயே பெரும்பாலும் விட்டுவிட்டார்கள். இப்போது அவர்கள் வாசிப்பது முக்கியமாகத் தங்கள் சாமிக்கும், தங்கள் வீட்டு இறப்புக்கும், தங்கள் ஆட்டத்துக்கும்.

பத்து நிமிஷத்துக்குக் காரணம் இங்கேதான் இருக்கிறது. கொள்ளில் வாசிக்கும் மெட்டுகளுக்கு இடம் உண்டு. சாமிக்கு வாசிக்கும் மெட்டு வேறு, சாவுக்கு வாசிப்பது வேறு, ஆட்டத்துக்கு வேறு. சாவு மெட்டைச் சும்மா ஒரு நாள் எடுத்து வாசிக்க மாட்டார்கள். சாமி மெட்டு கோயில் முன்னால்தான். கண்காட்சி மேடைக்கு மிஞ்சுவது ஆட்ட மெட்டு மட்டும். அதிலும் நேரம் முடிந்தது என்று கீழேயிருந்து ஒருவர் கையைக் காட்டிக்கொண்டிருப்பார். ஆக, நீங்கள் கேட்டது ஒரு மூலை.

முழுதாகக் கேட்க வேண்டுமானால் மார்கழி, தை குளிரில் கம்பட்டராயர் திருவிழாவுக்கு வர வேண்டும். அது அவர்கள் ஊர், அவர்கள் கோயில். வாசலில் டிக்கெட் கவுண்டர் கிடையாது. ஊரில் தெரிந்தவர் மூலம் முன்பே கேட்டு, அவர்கள் வாருங்கள் என்று சொன்னால் வாருங்கள். எங்கே நிற்கச் சொல்கிறார்களோ அங்கே நில்லுங்கள், செருப்பையும் கேமராவையும் பற்றி அவர்கள் சொல்வதுதான் சட்டம். இரவில் நெருப்பைச் சுற்றி ஆண்கள் ஆடும் நாட்களும் உண்டு, பெண்கள் ஆடும் நாளும் உண்டு. மைக் செட் தேவைப்படாத விழாவுக்கு என்னிடமே வழி கேட்கிறீர்கள், அதையும் சொல்லிவிட்டேன்.

படுகர் ஆட்டத்தில் வெளியூர்க்காரர்கள் சேர்ந்து ஆடலாமா?
— ஒரு கல்லூரி மாணவர், கோவை

கல்யாண வீட்டிலும் விழா மேடையிலும் தாராளமாக ஆடலாம் தம்பி. இரண்டு சுற்று நின்று காலைப் பார்த்துக்கொண்டு, மூன்றாவது சுற்றில் வரிசையின் கடைசியில் சேருங்கள், நடுவில் புகாதீர்கள். பார்க்க ரொம்ப எளிது போலத் தெரியும். கையும் காலும் திரும்புகிற இடத்தில்தான் மாட்டிக்கொள்வீர்கள், அப்போது யாராவது ஒரு பாட்டி தோளைப் பிடித்துத் திருப்பி விடுவார்.

ஹெத்தை ஹப்பா என்றால் கதை வேறு. டிசம்பர், ஜனவரியில் கோத்தகிரிப் பக்கம் பேரகணியிலும் மற்ற ஊர்களிலும் நடக்கும் ஹெத்தையம்மன் விழா அது. எல்லோரும் வெள்ளை உடுத்தி வருவார்கள். நீங்களும் வெள்ளை வேட்டியில் வாருங்கள், கும்பிடுங்கள், சாப்பாட்டுப் பந்தியில் உட்காருங்கள். ஆடச் சொன்னால் மட்டும் ஆடுங்கள்.

தோடர் எம்பிராய்டரி சால்வை வாங்க ஆசை. விழாக் கடைகளில் அசலை எப்படிக் கண்டுபிடிப்பது?
— ஒரு வாசகி, மதுரை

துணியைத் திருப்பிப் பாருங்கள். அசலில் வடிவத்தை முன்கூட்டி வரைந்துகொள்ள மாட்டார்கள். துணியின் இழையை விரலால் எண்ணி எண்ணிச் சிவப்பு, கறுப்பு நூலைக் கோப்பார்கள். அதனால் தையல் சற்றுத் தடித்து, கைக்குச் சொரசொரவென்று இருக்கும், பின்பக்கமும் பார்க்கும்படி இருக்கும். மிஷின் வேலையின் பின்பக்கம் நூல் குப்பையாகக் கிடக்கும். 2013-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதற்குப் பிறகு போலியும் கூடவே வளர்ந்துவிட்டது. கடையில் உட்கார்ந்து தைத்துக்கொண்டே விற்கும் தோடர் பெண்களிடம் வாங்குங்கள். பேரம் பேசாதீர்கள், வாரக்கணக்கில் கண்ணைக் கொடுத்துச் செய்த வேலை.

கேட்காததையும் சொல்கிறேன். தோடர் ஆட்டத்துக்கு வாத்தியமே கிடையாது. வட்டமாகக் கைகோத்துக்கொண்டு, குரலாலேயே தாளம் போட்டு ஆடுவார்கள். மேடையில் அவர்கள் வரும்போது மற்ற எல்லா மைக்கையும் அணைத்துவிட்டு வட்டத்துக்கு நடுவில் ஒன்றே ஒன்று வைப்பேன். ஊட்டியை ஒட்டிய முத்தநாடு மந்து என்ற தோடர் குடியிருப்பில் டிசம்பர், ஜனவரிவாக்கில் மொற்பர்த் பண்டிகை வரும். அங்கே மூன்போ கோயிலில் கும்பிட்டுவிட்டு ஆடுவார்கள், இளைஞர்கள் இளவட்டக்கல் தூக்குவார்கள்.

குறும்பர் ஓவியம் என்று விற்கிறார்களே, அந்தப் பழுப்பு நிறம் எதிலிருந்து?
— ஒரு வாசகர், சேலம்

வேங்கை மரத்துப் பால். கோத்தகிரிப் பக்கம் வெள்ளரிக்கொம்பைக்காரர்கள் வரைவதைத் தேடி வாங்குங்கள்.

எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்தில் (தொழிலாளர் வரிசை வீடுகளில்) மாசி மாதம் காமன் கூத்து ஆடுகிறோம். மாவட்டக் கலை விழாவில் எல்லாக் கலையும் இருக்கிறது, எங்கள் கூத்து மட்டும் இல்லை. ஏன்?
— ஒரு வாசகர், பந்தலூர்

இந்தக் கேள்விக்குத்தான் நான் உட்கார்ந்து யோசித்தேன்.

விழாக் கமிட்டியில் கேட்டால் இரண்டு காரணம் சொல்வார்கள். ஒன்று, காமன் கூத்து மாசியில், விழா மே மாதத்தில். இரண்டு, உங்கள் கூத்து விடிய விடிய நடப்பது. மாசி அமாவாசை கழிந்து கம்பம் ஊன்றி, நாள் முழுக்க வேலை பார்த்துவிட்டு ராத்திரி ராத்திரி ரதியும் மன்மதனும் வீடு வீடாக ஆடி, தட்சனும் வீரபத்திரனும் வந்து, கடைசியில் காமனை எரித்து முடிக்கிற வரை அது ஒரே கதை. அதில் பத்து நிமிஷம் வெட்டி எடுத்தால் முகத்தில் சாயம் பூசிய இரண்டு பேர் மட்டும்தான் மிஞ்சுவார்கள். தப்புப் பறை விஷயமும் இருக்கிறது. மலை ஈரத்தில் தோல் தளர்ந்துவிடும், அரை மணிக்கு ஒரு தரம் நெருப்பில் காய்ச்ச வேண்டும். பூங்கா மேடைக்குப் பக்கத்தில் தீ மூட்ட யாரும் விடமாட்டார்கள். இந்த இரண்டு காரணமும் நியாயமானவைதான்.

மூன்றாவது காரணத்தை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. 1964 சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து வந்தவர்கள், அவர்களுக்காக 1968-இல் அரசு தேயிலைத் தோட்டம் தொடங்கியது, அவர்களோடு வந்த கூத்து, ஆகவே இது ‘இந்த மலையின் கலை’ இல்லை என்று ஓர் எண்ணம். கேட்டால் சிரிப்பு வருகிறது. மலர்க் கண்காட்சி இந்த மலையில் முளைத்ததா? அதை நட்டவர் வெள்ளைக்காரர். கண்காட்சியில் முதல் வரிசையில் நிற்கும் பூக்களில் பாதிக்கு இந்த மண்ணே அந்நியம். தேயிலையும் வந்ததுதான். கேரட்டும் வந்ததுதான். பெட்டி தூக்கிப் பிழைக்க வந்த என் தாத்தாவும் சமவெளியிலிருந்து வந்தவர்தான். அறுபது வருஷமாக இந்தப் பனியில் காமனை எரிக்கிறவர்கள் இன்னும் விருந்தாளிகள் என்றால், இந்த ஊரில் வீட்டுக்காரர் யார் என்று விரல் விட்டு எண்ணிவிடலாம்.

ஆனாலும் ஒன்று சொல்கிறேன் தம்பி, கோபித்துக்கொள்ளாதீர்கள். மே மாத மேடைக்காக மனு போடாதீர்கள். அங்கே கிடைத்தால் உங்களுக்கும் அந்தப் பத்து நிமிஷம்தான். மாசியில் நடக்கும் கூத்தையே மாவட்ட விழாப் பட்டியலில் தேதியோடு அச்சடிக்கச் சொல்லிக் கேளுங்கள், லயத்துக்குப் பஸ் எத்தனை மணிக்கு என்பது உட்பட. கடைசி நாளுக்கு மைக் செட் வேண்டுமானால் சொல்லி அனுப்புங்கள். பஸ் செலவு மட்டும் போதும். ரதி பாடுவது பின்வரிசைக்குக் கேட்க வேண்டும், அதற்கு ஒரு மைக். தப்புக்கு வேண்டாம்.

மே மாதக் கூட்டம் பிடிக்கவில்லை. ஏப்ரலில் வந்தால் ஏதாவது உண்டா?
— ஒரு தம்பதி, திருச்சி

உண்டு, அதுவும் உள்ளூர்க்காரர்களுடைய விழா. ஊட்டி மாரியம்மன் கோயில் தேர். மாரியம்மனும் காளியம்மனும் அக்கா தங்கையாக ஒரே பீடத்தில் இருக்கும் கோயில். ஏறத்தாழ ஒரு மாதத்துக்கு ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு சமூகத்தாரின் உபயம். ஒரு நாள் செண்டை, ஒரு நாள் படுகர் ஆட்டம், ஒரு நாள் தப்பாட்டம் என்று யார் உபயமோ அவர்கள் வாத்தியம் ஊரைச் சுற்றி வரும். வருகிற கூட்டமும் பெரும்பாலும் நம் மலை ஜனம்தான். தேர் ஏப்ரலில் ஒரு செவ்வாய்க்கிழமை. தேர் மேல் உப்பை வாரி இறைப்பார்கள். அன்றைக்கு என் பெட்டிகளுக்கெல்லாம் தார்ப்பாய் போர்த்தி வைப்பேன், உப்பும் ஈரமும் சேர்ந்தால் ஒயர் முனை ஒரே வாரத்தில் பச்சை பூத்துவிடும்.

எங்கள் கல்லூரி இசைக் குழுவுக்குக் கோடை விழா மேடையில் வாய்ப்புக் கிடைத்திருக்கிறது. புல்லாங்குழல், கிதார், மிருதங்கம், இரண்டு பாடகிகள். யோசனை சொல்லுங்கள்.
— ஒரு மாணவி, திருப்பூர்

ரொம்ப சந்தோஷம் அம்மா. சமவெளியிலிருந்து வருகிறவர்கள் எல்லோரும் இடறும் இடம் சுருதி. சூடான அறையில் சுருதி சேர்த்துவிட்டுக் குளிர்ந்த மேடைக்கு வந்தால் புல்லாங்குழல் இறங்கும், கிதார் கம்பி ஏறும், மிருதங்கத் தோல் ஈரத்தில் தளரும். மூன்றும் மூன்று திசையில் போகும். அதனால் கால் மணி முன்பே கருவிகளை மேடைக்குப் பக்கத்தில் வெளிக்காற்றில் வைத்துவிட்டு, அங்கேயே சுருதி சேருங்கள். புல்லாங்குழலை மட்டும் ஸ்வெட்டருக்குள் வைத்துக்கொள்ளுங்கள், அல்லது வாசிக்கும் முன்னால் உள்ளே ஊதிச் சூடாக்குங்கள். பாடகிகள் ஐஸ்கிரீம் பக்கம் போக வேண்டாம், வெந்நீர் குடிக்கட்டும்.

முதல் பாட்டு மெதுவான பாட்டாக வேண்டாம், கூட்டம் அப்போதுதான் இடம் பிடித்துக்கொண்டிருக்கும். மைக்கைத் தட்டிப் பார்க்காதீர்கள், ஊதியும் பார்க்காதீர்கள், ‘ஹலோ’ என்று சொன்னால் போதும். பாடி முடித்து இறங்கும்போது மைக்கில் இருக்கும் சுவிட்சை அணைக்காதீர்கள். அடுத்து வருகிறவர் அணைந்த மைக்கில் பாடிவிட்டு என்னைத்தான் திட்டுவார்.