பழைய டிவிடிகளை டேப்லெட்டில் பார்க்கும்படி மாற்றுவது எப்படி?

கோத்தகிரிப் பக்கம் தேயிலைத் தோட்டத்துக்குள் இருக்கிற எங்கள் வீட்டில் சிக்னல் நிலையாக நிற்காது. ஆன்லைனில் படம் பார்ப்பது நடக்கிற காரியமில்லை. அதனால் அப்பா அம்மாவுக்காக வீட்டிலிருந்த டிவிடிகளை எல்லாம் நானே மாற்றிக் கொடுத்தேன்.

முதலில் டிஸ்க்கைப் பாருங்கள். ஐப்பசி, கார்த்திகை மழை ஈரத்தில் பூசணம் பிடித்திருக்கும். லேசாக ஈரமாக்கிய மெல்லிய துணியால், நடுத்துளையிலிருந்து விளிம்பை நோக்கி நேராகத் துடைக்க வேண்டும். வட்டமாகத் துடைத்தால் விழுகிற கீறல், படம் பதிவான தடத்தோடேயே ஓடும். அப்படிப்பட்ட கீறலை பிளேயரால் சரிக்கட்ட முடியாது.

அடுத்து, டிஸ்க்கிலிருந்து நேராக மாற்றாதீர்கள். உள்ளே இருக்கிற 'வீடியோ டிஎஸ்' (VIDEO_TS) ஃபோல்டரை அப்படியே கம்ப்யூட்டருக்குக் காப்பி செய்துவிடுங்கள். டிஸ்க் இன்னும் எத்தனை மழை தாங்கும் என்று சொல்ல முடியாது. அந்த ஃபோல்டர் இருந்தால் நாளைக்கு வேறு ஃபார்மேட் வந்தாலும் கவலையில்லை.

அப்புறம் ஹேண்ட்பிரேக் (HandBrake) என்ற வீடியோ மாற்றும் மென்பொருள். இலவசம்தான். அதில் ஃபோல்டரைத் திறந்து 'ஃபாஸ்ட் 576பி25' (Fast 576p25) என்ற அமைப்பைத் தேர்ந்தெடுங்கள். நம் ஊர் டிவிடி பெரும்பாலும் பிஏஎல் (PAL) என்ற டிவி முறை. படத்தின் அளவு 720க்கு 576 புள்ளிகள், நொடிக்கு 25 ஃபிரேம். இதை 1080க்கு உயர்த்தினால் ஃபைல்தான் பெருக்கும், படம் தெளியாது. படத் தரத்தைக் குறிக்கும் 'ஆர்எஃப்' (RF) எண் 20 போதும். இரண்டரை மணி நேரப் படம் பெரும்பாலும் ஒன்றரை ஜிபிக்குள் அடங்கிவிடும்.

கல்யாண டிவிடி என்றால் ஃபில்டர்ஸ் பக்கத்தை மறக்கவே கூடாது. அந்தக் காலக் கேமராக்கள் ஒவ்வொரு ஃபிரேமையும் இரண்டு பாதியாகப் பதிவு செய்தவை. டிவியில் தெரியாது. டேப்லெட்டிலோ, தாலி கட்டுகிற கை அசையும்போது விரல் ஓரமெல்லாம் சீப்புப் பல் மாதிரி பிரிந்து தெரியும். அந்தப் பக்கத்தில் 'டீகோம்ப்' (Decomb) போட்டால் சரியாகிவிடும். இதை விட்டுவிட்டு மாற்றிய ஃபைலை யாருக்கும் கொடுக்காதீர்கள்.

கடையில் வாங்கிய சில டிஸ்க்குகளில் காப்பி தடுப்புப் பூட்டு இருக்கும். ஹேண்ட்பிரேக் அதைத் திறக்காது. நானும் அவற்றைத் தொடுவதில்லை.

சப்டைட்டில் வேண்டுமானால், எழுத்தைப் படத்தோடேயே பதித்துவிடும் 'பர்ன் இன்' (Burn In) கொடுத்துவிடுங்கள். டிவிடியில் எழுத்து படமாகவே இருப்பதால், எம்பி4 ஃபைலில் தனியாக வைத்தால் பல பிளேயர்கள் காட்டாது.

ஒலிக்கு 'ஏஏசி' (AAC) ஃபார்மேட், ஸ்டீரியோ. டேப்லெட் ஸ்பீக்கர் சின்னது, தகரக் கூரையில் மழை விழுந்தால் வசனமே கேட்காது. ஆடியோ பக்கத்தில் ஒலியைக் கூட்டும் 'கெய்ன்' (Gain) எண்ணை 4 முதல் 6 வரை வைத்து ஐந்து நிமிடத் துண்டு ஒன்றை மாற்றிக் கேட்டுப் பார்த்துவிட்டு, முழுப் படத்தையும் ஓட விடுங்கள்.